என் முறையில் கை காட்டியவள்

அன்பு மகளே,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு இடுப்பு வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆபரேஷன் தேதியில் மாற்றம் இல்லை, எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசில் இருக்கிற குறையைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருக்கிறவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? நின்றுகொண்டே சமைக்காதே, அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொள். இதையெல்லாம் ஃபோனில் சொன்னால் போதாதா என்பாய். ஃபோனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள், சரிம்மா, விடும்மா என்று நீ முடித்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, தையல் மெஷினை மூடி அதன் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். கால்சட்டைக்கு இடுப்பை அகலப்படுத்தச் சொல்லி ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போன வருஷமும் அதே கால்சட்டைக்கு அதே வேலைதான். அவர் ஒரு நாள் பொறுத்து வரட்டும், ஒன்றும் இளைத்துவிட மாட்டார்.

போன வாரம் பேசும்போது, பால் பொங்குகிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன் அல்லவா, அடுப்பில் பாலே இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். பிரசவ அறைக்குள் ஒருத்தரைத்தான் விடுவார்களாம், மாப்பிள்ளை ரத்தத்தைப் பார்த்தாலே சரிந்துவிடுவார், அதனால கீழ் வீட்டு ஆன்ட்டி என்கூட உள்ளே வரட்டுமாம்மா, உங்கம்மா சரின்னு சொன்னாத்தான் வருவேன்னு சொல்றாங்க என்று நீ கேட்டாய். நான் என்ன சொல்வது? அப்பாவின் ஆபரேஷனும் உன் பிரசவமும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. அவரைப் படுக்கையில் விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். தெரிந்தால் ஆயிற்றா? நீ பேச ஆரம்பித்தாலே கீழ் வீட்டு ஆன்ட்டி சூப் கொண்டு வந்தாங்க, கீழ் வீட்டு ஆன்ட்டி ஸ்கேனுக்குக் கூட வந்தாங்க, கீழ் வீட்டு ஆன்ட்டி இருக்காங்கம்மா நீ கவலைப்படாதே. இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? நான் இல்லாத இடத்தில், படியேறினால் வந்துவிடுகிற தூரத்தில் அவர் இருக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிகிறது. என் பேரனையோ பேத்தியையோ முதலில் தூக்கப்போகிற கை அவர் கையா என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் உன் கேள்விக்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் என் ஊர்ப் பயணத்தைக் கேள். போய்ட்டு வாம்மா, சிநேகிதிங்களைப் பார்த்தா மனசு மாறும் என்று நீதானே பிடித்துத் தள்ளினாய். நன்றாக மாறியது போ. சித்தப்பாவை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு, விடிந்ததும் ரயிலேறினேன். நீ பிறப்பதற்கு முன்னால் விட்டு வந்த ஊர். அதற்கப்புறம் கல்யாணம், சாவு என்று தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறேனே தவிர, ஒரு நாள் முழுக்க அந்தத் தெருக்களில் காலாற நடந்ததில்லை. ஆற்றுப் பாலம் வந்து ரயில் தடதடவென்று சத்தம் போட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். எதிரே இருந்தவர் என்னம்மா உடம்புக்கு ஆகலையா என்று கேட்டார். எங்க ஊருங்க என்றேன். அவரும் அந்த ஊர்தானாம். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

எங்கள் பெஞ்சில் நாங்கள் நாலு பேர் என்று உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சுவரோரம் வாத்து, அவள் அப்போதும் ஆடி ஆடித்தான் நடப்பாள், இப்போது கேட்கவே வேண்டாம். அடுத்தது டீச்சர், எல்லாரையும் திருத்துவாள் என்று வைத்த பெயர், ஆனது என்னவோ மருந்துக்கடைக்காரி. அதற்கடுத்தது சிட்டு, குட்டியாக இருப்பாள், என் உயிர். ஓரத்தில் நான். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு கையைத் தூக்குவேனாம், அதனால் முந்திரிக்கொட்டை, சுருக்கி முந்திரி. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் ஆடின ஆட்டத்துக்குக் கைகாட்டி என்று பெயர். ஊருக்குள் நடந்துகொண்டே போக வேண்டும். ரோடு எங்கே பிரிகிறதோ அங்கே ஒருத்தி கை காட்ட வேண்டும், பெஞ்சில் உட்காருகிற வரிசைப்படி முறை. கை காட்டினால் காட்டினதுதான், எதற்கு என்று கேட்கக்கூடாது, வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அந்தத் தெரு முடிகிற வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும். அன்றைக்கு ஒருத்தி வரவில்லை என்றால் அவள் முறைக்கு நேர் ரோடு. தன் முறையை இன்னொருத்திக்குக் கொடுக்க நினைத்தால், என் முறை உனக்கு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். திரும்ப வேண்டும் என்றால் வாங்கினவள் தோளைத் தொட்டால் போதும், முறை வந்துவிடும். இப்படித்தான் அந்த ஊரில் எங்களுக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது. நான் வந்த பிறகும் அவர்கள் மூன்று பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடப்பதை விடவில்லை. அந்தப் படங்களைத்தான் நான் உனக்குக் காட்டிக்கொண்டே இருப்பேன்.

ஸ்டேஷனில் இறங்கினால் கடிகாரத்தின் கீழே மூன்று பேருக்குப் பதில் நாலு பேர் நிற்கிறார்கள். நாலாவதாக ஒருத்தி, நெடுநெடுவென்று உயரம், வெட்டிவிட்ட முடி, தோளில் பை, கையில் குடை. இவதான் ஊசி என்று வாத்து பெருமையாக அறிமுகப்படுத்துகிறாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலையாம். சிட்டுவுக்குச் சர்க்கரை என்று வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவள், அப்படியே ஒட்டிக்கொண்டு மூன்று வருஷமாகக் கூடவே சுற்றுகிறாளாம். எனக்கு வருகிற படங்களை எடுப்பதே இவள்தானாம், அதனால்தான் எதிலும் இவள் இல்லை. எனக்கு முந்திரி என்ற பெயர் ஒட்டுவதற்கு ஒரு வருஷம் ஆனது, இவளுக்கு வந்த அன்றே ஊசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏன், ஊசி என்று யாருக்காவது பெயர் வைக்க வேண்டுமென்றால் எனக்கல்லவா வைத்திருக்க வேண்டும்? நாள் முழுக்க ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவள் நான். போனதும் போகாததுமாக எனக்கு அப்படித்தான் பத்திக்கொண்டு வந்தது.

சிட்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டைலாக நின்றாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், அவளும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, குண்டாயிட்டடி என்றாள். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் அவள் கை ஊசியின் கைக்குள் போய்விட்டது. ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி முழங்கையோடு முழங்கை கோத்துக்கொண்டு இரண்டு பேரும் முன்னால் போகிறார்கள், நான் வாத்தோடும் டீச்சரோடும் பின்னால் நடக்கிறேன். அது போதாது என்று, அந்த ஊசி சிட்டுவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள். குசுகுசு குசுகுசு. சிட்டு தலையாட்டுகிறாள், சிரிக்கிறாள். கூட நடக்கிறவர்களை வைத்துக்கொண்டு காதில் பேசுவது என்ன பழக்கம்? என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. நான் போட்டிருந்த நீல உடுப்பை நானே பிரித்துப் புது மாதிரி தைத்திருந்தேன், கழுத்து கொஞ்சம் இழுத்தது உண்மைதான், அதைத்தான் சொல்கிறாளோ என்று கழுத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன்.

முதல் பிரிவில் வாத்து கை காட்டி மார்க்கெட் பக்கம் கூட்டிப் போனாள். நாங்கள் காசு சேர்த்து ஒரே ஒரு பன் வாங்கி நாலாகப் பிய்த்துத் தின்ற ரொட்டிக்கடை இன்னும் இருக்கிறது, அடுப்பு வாசனைகூட அதேதான். உள்ளே நின்று தின்ன இப்போது ஒரு நீளப் பலகை அடித்திருக்கிறார்கள். பன்னை வாங்கினதும் டீச்சர் என்ன செய்தாள் தெரியுமா, ஐந்தாகப் பிய்த்தாள். கை பழகிப்போன மாதிரி, யோசிக்காமல், அளவாக. என் பங்கைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்து டீச்சர் முறை, பாலத்துக்குக் கூட்டிப் போனாள். பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, கீழே படகில் துணி காய்கிறது, ஒருத்தன் தூண்டில் போட்டுவிட்டுத் தூங்குகிறான், அடேயப்பா, எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. சிட்டுவிடம் காட்டலாம் என்று திரும்பினால் அதற்குள் ஊசி அவள் காதில் சொல்லியாகிவிட்டது. சிட்டு சிரித்தாகிவிட்டது. என் ஊரில் என் சிநேகிதிக்கு நான் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் இவள் யார் சொல்வதற்கு? மூன்றாவது பிரிவில் சிட்டு கை காட்ட வேண்டும். அவள் நிற்கிறாள், ஊசி காதில் ஏதோ சொல்கிறாள், அப்புறம்தான் சிட்டு கையை நீட்டுகிறாள். இது கள்ளாட்டம் இல்லையா? நீயே சொல். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் முதல் விதி. வாத்தும் டீச்சரும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள்.

அப்புறம் தபால் ஆபீஸ் முக்கு வந்தது. நாலாவது பிரிவு, என் முறை. எத்தனை வருஷம் கழித்து என் முறை! நான் கையைத் தூக்கினேன். என் கூடவே இன்னொரு கையும் உயர்ந்தது. ஊசியின் கை. அவளுக்கு அது பழக்கம், மாதாமாதம் அந்த இடத்தில் அவள்தான் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், என்னுடைய முறையில். இரண்டு கையும் இரண்டு பக்கம் நீண்டுகொண்டிருக்கிறது, எதிர்க்கடைக்காரன் வேடிக்கை பார்க்கிறான், எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. நான் எப்போது கொடுத்தேன்? என் வாயால் நான் யாருக்கும் கொடுக்கவில்லையே? அந்தக் காலத்தில் ஊரை விட்டு நான் ரயிலேறினபோது இந்த மூன்று பேரும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, கேட்கவும் இல்லை. நான் நேரே போய் ஊசியின் தோளைத் தொட்டேன். தொட்டேன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் பலமாகத்தான் தொட்டேன். அவளுக்கு அந்த விதி தெரியாது போலிருக்கிறது, என்னக்கா என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள். நாலு பேர் பெஞ்சுங்க இது, அஞ்சாவது ஆளுக்கு இடம் கிடையாது என்றேன். டீச்சர் என் பெயரைச் சொல்லி அதட்டினாள், வாத்து தரையைப் பார்த்தாள். ஊசியின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டுமே, இல்லை. சரிங்கக்கா, உங்க முறைதான், எனக்கும் லேபுக்குப் போக வேண்டிய வேலை இருக்கு என்றாள். சொல்லிவிட்டு சிட்டுவின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு மெதுவாக, படி வந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கக்கா, ரோட்டோர மேடு வந்தாலும் சொல்லுங்க, இடது பக்கம் அவங்களுக்குச் சுத்தமா தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது, ஆனால் புரியவேண்டாம் என்று இருந்தது. என்னடி சொல்றா இவ என்று சிட்டுவைக் கேட்டேன். சிட்டு, அதெல்லாம் அப்புறம் பேசலாம், உன் முறைடி, கை காட்டு, எந்தப் பக்கம் என்றாள். நான் பழைய சினிமா கொட்டகைத் தெருவைக் காட்டியிருந்தேன். எந்தப் பக்கம் என்று அவள் கேட்டபோதுகூட, சரி ஏதோ கொஞ்சம் பார்வை குறைவு போல என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். நான் பேச ஆரம்பித்தால் எப்படி என்று உனக்குத் தெரியும். கொட்டகைக்காரர் எங்களை இடைவேளையில் திருட்டுத்தனமாக உள்ளே விட்டது, சிட்டு பயந்துபோய் நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன். அந்தத் தெரு பாதியில் படியாக இறங்கும். எனக்கு அந்தப் படி தூக்கத்திலும் தெரியும், அதனால் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை, விழுந்தாள். என் கையைப் பிடித்தபடியே முழங்காலில் விழுந்தாள், கண்ணாடி தெறித்துப்போய்ப் படியில் கிடந்தது. ஐயோ, அவள் கண்ணைப் பார்த்தேன். என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி என்கிறாள். முழங்கால் சிராய்த்து ரத்தம். டீச்சர் பையிலிருந்து பஞ்சை எடுத்துத் துடைத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவில்லை.

அதோடு விட்டதா? நொண்டிக்கொண்டே சிட்டு, ஆட்டம்னா ஆட்டம், தெரு முடியிற வரைக்கும் போகணும் என்றாள். போனோம். கொட்டகை இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிற கட்டிடம் ஒன்றை எழுப்பி, தெருவுக்குக் குறுக்கே பெரிய சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள். என் முறைக்குக் கிடைத்தது சுவர். நாலு பேரும் அந்தச் சுவருக்கு எதிரே ஒரு மூடின கடையின் படியில் உட்கார்ந்தோம்.  சிட்டு, எதிர்ல என்னடி இருக்கு என்றாள். ஒண்ணுமில்ல, சுவர் என்றேன். என்ன கலர் சுவர் என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து அவள் காதில் ஊசி குசுகுசுவென்று சொன்னது இதைத்தான். படி வருது, மேடு வருது, படகுல துணி காயுது, ஒருத்தன் தூண்டில் போட்டுட்டுத் தூங்கறான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என் கழுத்தைப் பற்றியும் இல்லை. மஞ்சள் அடிச்சிருக்காங்கடி, கீழ்ப்பாதி மழை ஊறிப் பச்சையாப் போச்சு, மேலே ஒரு பூனை உக்காந்து நம்மளையே பாக்குது என்றேன். எந்தப் பக்கம் பூனை என்றாள். சொன்னேன். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, ம்ம், திமிர் பிடிச்ச பூனை என்றாள். வாத்து சிரித்துவிட்டாள்.

ஏன்டி என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். நினைத்துப் பார்த்தால் இரண்டு வருஷமாக சிட்டு ஒரு வரிகூட எழுதி அனுப்புவதில்லை, எல்லாம் குரலில் பேசித்தான் அனுப்புகிறாள். சோம்பேறி ஆகிவிட்டாள் என்று உன்னிடம்கூடச் சொல்லிச் சிரித்தேனே. அதற்கு அவள் சொன்னதைக் கேள். இவங்க எல்லாருக்கும் நான் கண்ணு தெரியாதவடி, உனக்கு மட்டும்தான் நான் இன்னும் பழைய சிட்டு, அதையும் கெடுத்துக்க மனசு வரல என்றாள். இதற்கு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? அப்புறம் டீச்சர் வாயைத் திறந்தாள். நீ போனதுக்கப்புறம் உன் முறைக்கெல்லாம் நேர் ரோடுதான்டி போனோம், மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் நேராவேதான் போனோம், சிட்டுவுக்குக் கண்ணு இப்படி ஆனதும் அவளைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும், எனக்குக் கடை, வாத்துக்கு மூட்டுவலி, அவதான் வந்தா, நடக்கிறவளுக்கு ஒரு முறை வேண்டாமா என்றாள். இருந்தாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றேன். கேட்டா நீ குடுத்திருப்பியா என்றாள்.  கொடுத்திருக்க மாட்டேன்.

ஊசியின் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், எங்கே இருக்கீங்க, உங்க முறை வருது என்று உளறினேன். லேபுக்குப் போயிருப்பாள், வர நேரமாகும் என்று பார்த்தால், தெருமுனை பஸ் ஸ்டாப்புலதான்க்கா இருக்கேன் என்கிறாள். லேபும் இல்லை ஒன்றும் இல்லை. அந்தத் தெரு அடைச்சாச்சுக்கா, எப்படியும் திரும்பி வருவீங்கன்னு உக்காந்திருக்கேன் என்கிறாள். அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல என்று கத்தினேன். கை காட்டினப்புறம் சொல்லக் கூடாதாமேக்கா என்றாள். பார்த்தாயா? நேற்று வந்தவள், எங்கள் விதியை எங்களைவிட ஒழுங்காக வைத்துக்கொண்டிருக்கிறாள். ஓடி வந்தாள், சிட்டுவின் காலைப் பார்த்தாள், என்னை ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் என்னிடம்தான் நீட்டினாள். இப்படி நல்லவளாக இருந்து தொலைத்தால் மனுஷி எப்படித்தான் கோபப்படுவது? கொஞ்சமாவது கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு அன்றைய பொழுது நிம்மதியாகப் போயிருக்கும்.

மிச்ச நாள் ஐந்து பேருமாகச் சுற்றினோம். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, கம்பி வழியாகப் பார்த்தோம். எங்கள் வகுப்பு ஜன்னலில் காகிதத்தில் மீன் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அதை நான் சிட்டுவுக்குச் சொன்னேன், எத்தனை மீன் என்று எண்ணியும் சொன்னேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், ஊசி சிட்டுவைச் சாப்பிட விடவில்லை, நான் அவளுக்குத் தெரியாமல் சிட்டுவுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். ஒரு கரண்டிதான், திட்டாதே. படி வந்தால் நானும் சொன்னேன், ஊசியும் சொன்னாள், இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிச் சொல்லி சிட்டு, ரெண்டு பேரும் வாயை மூடுங்க, எனக்குப் படியே வேண்டாம் என்றாள். சிரித்தேன். ஆனால் உள்ளே எரிச்சல் போனதா என்று கேட்டால் போகவில்லை. அவள் கையில் சிட்டுவின் கை தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, என் கையில் வைத்தால் விறைப்பாக இருக்கிறது. அது பழக்கம், அவ்வளவுதான் என்று தெரிகிறது. தெரிந்தும் என்ன?

ஸ்டேஷனில் ரயில் கிளம்பப் போகிற நேரத்தில் ஊசியைத் தனியாகக் கூப்பிட்டேன். என் முறை உனக்கு என்றேன். வாயால் சொன்னேன், மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி. சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். சரிங்கக்கா, பத்திரமா வெச்சிருக்கேன் என்றாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ரயில் நகர்கிறது, நாலு பேரும் கை ஆட்டுகிறார்கள், சிட்டு எனக்கு அடுத்த பெட்டியைப் பார்த்து மும்முரமாக ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அப்போது ஊசி அவள் தோளைப் பிடித்து, மெதுவாக என் ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். சிட்டு என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள், மகளே. என்னைப் பார்த்து. வீடு வருகிற வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். அப்பா என்ன ஆச்சு என்று கேட்டார், ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கீழ் வீட்டு அம்மா உள்ளே வரட்டும். எழுதிவிட்டேன், இதைத் திரும்பப் படித்தால் கோடு போட்டு அடித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, அதனால் படிக்காமல் மேலே எழுதுகிறேன். அவருக்கு நம் பேச்சு தெரியாது, நீதான் சொல்ல வேண்டும். உனக்கு வலி வந்தால் நீ கத்தமாட்டாய். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பாய். சின்ன வயதில் காதுவலி வந்தபோதும் அப்படித்தான், கோபித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துச் சாயங்காலம் வரைக்கும் நான் விட்டுவிட்டேன். அது கோபம் இல்லை, வலி என்று அவருக்கு முன்னாடியே சொல்லிவிடு. தலையைத் தடவினால் உனக்குப் பிடிக்காது, உள்ளங்காலைப் பிடித்துவிட்டால் பிடிக்கும். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாய், உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாய், இதோ கொஞ்சம்தான் என்று சொன்னால் போதும். நான் இருந்தால் இதையெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீயும் என்னிடம் எதையெல்லாம் மறைத்து அவரிடம் சொல்கிறாயோ எனக்குத் தெரியாது. உன் கவலை தெரிந்த ஆள் ஒருத்தர் அங்கே இருந்தால் போதும் என்று எழுதத்தான் ஆசை, அப்படிப் பெரிய மனசு எனக்கு வரவில்லை. எனக்கும் சொல்லு. அவருக்கு முதலில் சொன்னாலும் பரவாயில்லை, அன்றைக்கே எனக்கும் சொல்லிவிடு.

இந்தப் பார்சலில் குழந்தைக்கு ஆறு சட்டை வைத்திருக்கிறேன், எல்லாம் பழைய மெல்லிசுத் துணி, தையல் வெளிப்பக்கம் இருக்கும், தப்பாகத் தைத்துவிட்டேன் என்று நினைத்துத் திருப்பிப் போடாதே, பிஞ்சு உடம்பில் உறுத்தாமல் இருக்க அப்படித்தான் தைக்க வேண்டும். கீழே ஒரு பெரிய கவுன் இருக்கிறதே, அது அந்த அம்மாவுக்கு. நீ அனுப்பின படத்தைப் பார்த்துக் கண்ணளவில் தைத்தேன், கை நீளம் மட்டும் சந்தேகம், மடித்துத் தைக்க உள்ளே துணி விட்டிருக்கிறேன். அவர் பிள்ளையை முதலில் தூக்கட்டும், ஆனால் செல்லப் பெயர் மட்டும் அவர் வைக்கக் கூடாது, அது எனக்கு வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.

சுகமாகப் பெற்று, தாயும் பிள்ளையுமாக எழுந்து உட்கார வேண்டும் என்று நானும் அப்பாவும் எந்நேரமும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். நீ நன்றாக இருப்பாய். மாப்பிள்ளையை வெளியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல். முக்காலியை மறந்துவிடாதே. கடைசியாக, இதை மட்டும் மறக்காமல் அந்த அம்மாவிடம் வார்த்தை மாறாமல் சொல்லு: என் முறை உங்களுக்கு. அப்பா எழுந்து நடந்ததும் நான் கிளம்பி வருவேன். வந்து இறங்கினதும் முதல் வேலையாக அவர் தோளைத் தொடுவேன். எதற்குத் தொடுகிறேன் என்று இப்போதே விளக்கிச் சொல்லி வை, இல்லாவிட்டால் பாவம், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிவிடப் போகிறார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், பெஞ்சில் ஓரத்து ஆள்,
அம்மா